ஈக்யூவை இறக்கினாலும் திரையில் கோடு அசையவில்லை: மிக்சரில் எங்கே தட்டுவது?

காவிரிக்கரை மைக்செட்:

வணக்கம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு ஊரில் மைக்செட் வைத்திருக்கிறேன். அப்பா கூம்புக் குழாய் கட்டிய காலத்தில் தொடங்கிய தொழில். இப்போது கல்யாண மண்டபம், திருவிழா, பட்டிமன்றம் என்று ஓடுகிறது. வருடத்துக்கு நான்கைந்து மெல்லிசைக் கச்சேரியும் வரும்.

செட்டைச் சொல்லிவிடுகிறேன். 16 சேனல் அனலாக் மிக்சர். அதிலிருந்து 31 பேண்ட் கிராஃபிக் ஈக்யூ (ஒவ்வொரு ஸ்தாயியையும் தனித்தனி ஸ்லைடரில் ஏற்றி இறக்கும் பெட்டி), அதிலிருந்து டிஜிட்டல் கிராஸ்ஓவர் (அடிச் சத்தத்தை பேஸுக்கும் மீதியை டாப்புக்கும் பிரிப்பது), அப்புறம் ஆம்ப்கள். பக்கத்துக்கு ஒரு 15 இன்ச் டாப், ஒரு 18 இன்ச் பேஸ். 100 ஹெர்ட்ஸில் பிரிகிறது.

இத்தனை வருடம் காதுதான் எங்களுக்குக் கருவி. அப்பா மேடையில் நின்று "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு ரெண்டு மூணு" என்பார். நான் கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்குவேன், இறக்குவேன். போன தையில் ஒரு பெரிய கச்சேரிக்கு வெளியூர் செட் வந்தது. அதில் வந்த பையன் லேப்டாப்பைத் திறந்து, பென்சில் மாதிரி ஒரு மைக்கை நடு மைதானத்தில் நிறுத்தி, இருபது நிமிடத்தில் செட்டைச் சரி செய்துவிட்டான். அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

நானும் வாங்கிவிட்டேன். இரண்டு இன்புட் உள்ள ஒரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், பெரிங்கர் இசிஎம்8000 மைக். மென்பொருள் ஓபன் சவுண்ட் மீட்டர். ஸ்மார்ட் (இரண்டு 'ஏ' போட்டு எழுதுவார்களே, அது) வாங்குகிற அளவுக்கு இன்னும் பட்டிமன்றக்காரர்கள் கொடுப்பதில்லை.

நேற்று மண்டபம் காலியாக இருந்தது. மைக்கை முதல் இன்புட்டில் போட்டேன். ரெஃபரன்ஸ் சிக்னலுக்கு, அதாவது மைக்கில் விழுவதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மூலச் சிக்னலுக்கு, ஈக்யூவின் பின்னால் சும்மா இருந்த இன்னொரு அவுட்டிலிருந்து எக்ஸ்எல்ஆர் ஒயர் எடுத்து இரண்டாவது இன்புட்டில் செருகினேன். லேப்டாப்பிலிருந்து பிங்க் நாய்ஸை (எல்லா ஸ்தாயியும் கலந்த இரைச்சல்) மிக்சரின் 15ஆவது சேனலுக்கு அனுப்பினேன். ஷ்ஷ்ஷ் என்று அரை மணி நேரம். சமையல் மாஸ்டர் வெளியே ஓடி வந்து, காயப்போட்ட அப்பளத்தை அள்ளிக்கொண்டு போனார். மழை என்று நினைத்துவிட்டார்.

எந்த ஸ்தாயி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோடு திரையில் வந்தது. ஆனால் ஈக்யூவில் 2.5 கிலோஹெர்ட்ஸ் ஸ்லைடரை அடியோடு இறக்கினால் காதில் வித்தியாசம் தெரிகிறது, திரையில் கோடு அசையவே இல்லை. முதல் சந்தேகம் அது.

இரண்டாவது, ரெஃபரன்ஸ் இன்புட்டில் சிவப்பு விளக்கு அணைவதில்லை. கெயினைக் கடைசிவரை குறைத்தும் பார்த்தேன். மைக்குக்குக் கரண்ட் கொடுக்கும் 48 வோல்ட் பட்டனை அழுத்தியபோது ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு அடி வேறு.

லேப்டாப்பில் சார்ஜர் போட்டால் 'ம்ம்ம்' என்று உறுமல். எடுத்தால் நின்றுவிடுகிறது.

மைக்குக்கும் டாப்புக்கும் டேப் பிடித்து அளந்தேன், 12 மீட்டர். ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர், அதால் வகுத்தால் 35 மில்லி செகண்ட். மென்பொருள் 36.4 என்கிறது. யார் பொய் சொல்வது?

கடைசியாக, 300 ஹெர்ட்ஸில் கிணறு மாதிரி ஒரு பள்ளம். ஈக்யூவில் 315ஐ 6 டெசிபல் ஏற்றினேன். காதுக்குக் குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிட்டதே தவிர, பள்ளம் அங்கேயே இருக்கிறது.

வியாழக்கிழமை அதே மண்டபத்தில் முகூர்த்தம். திட்டினாலும் பரவாயில்லை, புரிகிற மாதிரி திட்டுங்கள்.


கோயில் வாசல்:

தம்பி, 31 வருடமாகத் தேர்த் திருவிழாவுக்கு செட் போடுகிறேன். அப்பா மைக்கில் பேச, மகன் கடைசி வரிசையில் நின்று கேட்பதை விடப் பெரிய மென்பொருள் கிடையாது. முகூர்த்தத்துக்கு நாலு நாள் வைத்துக்கொண்டு புதுசாக எதையும் ஒட்டாதே. அந்த 315ஐ முதலில் கீழே இறக்கு.


பழைய வால்வ்:

கோயில் வாசல் அண்ணன் கடைசியாகச் சொன்னது மட்டும் உடனே செய்ய வேண்டியது. மற்றதற்கு வருகிறேன். நான் திருச்சியில் ஆம்ப் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். இப்போது கடையை மகன் பார்க்கிறான், நான் இங்கே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

கோடு ஏன் அசையவில்லை என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. செக்குக் கடைக்குத் தூக்குவாளியோடு எண்ணெய் வாங்கப் போயிருப்பீர்கள். கடைக்காரர் முதலில் வெறும் வாளியை எடை போட்டு வைத்துக்கொள்வார். எண்ணெய் ஊற்றி மறுபடி எடை போட்டு, அதில் வாளியைக் கழிப்பார். மிச்சம் எண்ணெய். இந்த மென்பொருள் செய்வது அவ்வளவுதான். மைக்கில் வருவதிலிருந்து ரெஃபரன்ஸில் வருவதைக் கழித்து, மிச்சத்தைக் கோடாகப் போடுகிறது.

ரெஃபரன்ஸ் ஒயரை நீங்கள் ஈக்யூவின் அவுட்டில் தட்டியிருக்கிறீர்கள், அங்கிருந்து கிளை எடுத்திருக்கிறீர்கள். அதாவது எண்ணெயை ஊற்றிய பிறகு வாளியை எடை போட்டுவிட்டு, எண்ணெய் எங்கே என்று கேட்கிறீர்கள். 2.5ஐ இறக்கினால் மைக்கிலும் இறங்குகிறது, ரெஃபரன்ஸிலும் அதே அளவு இறங்குகிறது. கழித்தால் பூஜ்யம். கோடு எப்படி அசையும்?

தட்டும் இடத்துக்கு அப்புறம் இருப்பது மட்டும்தான் திரையில் தெரியும். உங்களுக்கு ஈக்யூவின் வேலையும் தெரிய வேண்டும் என்றால் மிக்சரின் மெயின் அவுட்டில் தட்டுங்கள். பல மிக்சர்களில் மெயின் அவுட் எக்ஸ்எல்ஆரில் ஒன்று, கால் இன்ச் ஜாக்கில் ஒன்று என்று இரண்டாக இருக்கும். ஒன்று ஈக்யூவுக்குப் போகட்டும், இன்னொன்று லேப்டாப்புக்கு. ஜாக் இல்லை என்றால் மோனோ அவுட்டோ கன்ட்ரோல் ரூம் அவுட்டோ போதும். அதன் வால்யூம் கூடக் குறைய இருந்தால் கோடு மொத்தமாக மேலே கீழே நகருமே தவிர வடிவம் மாறாது. ஆனால் மிக்சரின் சேனல் ஈக்யூவை இன்னும் பார்க்க முடியாது, அது தட்டுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. 15ஆவது சேனலில் ட்ரெபிள், பேஸ் குமிழ்களை நடுவில் வைத்துவிட்டு அளங்கள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த கதை. 1984 வாக்கில் அமெரிக்காவில் ஜான் மேயர், கச்சேரி ஓடிக்கொண்டிருக்கும்போதே மிக்சரிலிருந்து வருவதையும் மைக்கில் விழுவதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் கொண்டு வந்தார். சிம் (சோர்ஸ் இன்டிபென்டென்ட் மெஷர்மென்ட்) என்று பெயர். எந்தச் சத்தம் ஓடினாலும் அளக்கலாம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருளே. அன்றைக்கு அதற்கு ஆய்வுக்கூடத்துப் பெட்டி வேண்டியிருந்தது. 90களின் நடுவில் ஸ்மார்ட் வந்து சாதாரணக் கணினியில் அதைச் செய்யவைத்தது. ஆகவே நீங்கள் அரை மணி நேரம் ஷ்ஷ்ஷ் போட்டு மாஸ்டரைப் பயமுறுத்த வேண்டியதில்லை. தவில் இல்லாத ஏதாவது நிறைவான பாட்டைப் போட்டாலும் கோடு வரும், கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

சிவப்பு விளக்கும் 'டப்'பும் ஒரே தப்பின் இரண்டு முகம். உங்கள் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பட்டன் ஒன்றுதானே இருக்கிறது? அது இரண்டு எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டுக்கும் சேர்த்துப் போகிறது. மைக்குக்கு அது சாப்பாடு. ஈக்யூவின் அவுட்டுக்கு அது பின்வாசல் வழியாக வந்த அடி. பல அவுட்கள் தாங்கும், சில தாங்காது. என் பெஞ்சுக்கு அப்படிச் செத்து வந்த மிக்சர்கள் உண்டு. அவுட் சிப்பை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அதோடு எக்ஸ்எல்ஆரில் செருகினால் மைக் பிரீஆம்புக்குள் போகிறது. மைக் தருவது சில மில்லிவோல்ட். மிக்சரின் அவுட் ஒரு வோல்ட்டுக்கு மேல். ஊசித் துளையில் தேர் வடத்தைக் கோக்கிற கதை. சிவப்பு எப்படி அணையும்?

அதே சாக்கெட்டின் நடுவில் கால் இன்ச் துளை இருக்கும். கடையில் ஸ்டீரியோ பி38 என்று கேளுங்கள், மூன்று இணைப்பு உள்ள பின். அதை அங்கே செருகி, இன்டர்ஃபேஸில் 'லைன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளைக்கு 48 வோல்ட் வராது, அளவும் சரியாக இருக்கும்.

உறுமல்: லேப்டாப் சார்ஜர் ஒரு ப்ளக்கில், மிக்சர் இன்னொரு ப்ளக்கில். இரண்டின் எர்த்தும் உங்கள் ரெஃபரன்ஸ் ஒயரின் ஷீல்டு வழியாகக் கை கோக்கின்றன. அளக்கிற நேரத்துக்கு பேட்டரியில் ஓட்டுங்கள், முடிந்தது. பேட்டரி நிற்காத லேப்டாப் என்றால் ரெஃபரன்ஸ் ஒயரின் நடுவில் ஒன்றுக்கு ஒன்று ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் போடுங்கள். மலிவான சரக்கு வேண்டாம். அது அடிச் சத்தத்தைத் தின்றுவிடும், ரெஃபரன்ஸில் குறைந்தது திரையில் கூடுதலாகத் தெரியும், நீங்கள் இல்லாத பேஸை இறக்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஒன்றை மட்டும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உறுமலுக்குப் பயந்து ப்ளக்கின் மூன்றாவது பின்னை வெட்டாதீர்கள், எர்த் ஒயரைக் கழற்றாதீர்கள். நம் பக்கம் இது பெரிய வைத்தியம் மாதிரி கைமாறிக்கொண்டிருக்கிறது. உறுமலோடு கச்சேரி நடக்கலாம். மைக்கைப் பிடித்தவர் கீழே விழுந்தால் நடக்காது.


மேடைக்குப் பின்னால்:

ஐயா சொன்னதற்கு மேல் இணைப்பில் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சென்னையில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். மீதி இரண்டு கேள்விக்கு வருகிறேன்.

அதற்கு முன், மண்டபத்துக்குப் போகாமல் வீட்டிலேயே ஒரு சோதனை. ஒரே சிக்னலை ஒய் கேபிள் போட்டு இரண்டு இன்புட்டிலும், இரண்டுமே கால் இன்ச் துளையில், கொடுங்கள். கோடு பூஜ்யத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக நிற்க வேண்டும், ஃபேஸும் (அலை எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பது) நேராக, கோஹெரன்ஸ் (அளவை எவ்வளவு நம்பலாம் என்பது) 1. அப்படி நிற்கவில்லை என்றால் டிரைவரிலோ விண்டோஸ் செட்டிங்கிலோ ஏதோ ஒன்று சத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. விண்டோஸில் 'என்ஹான்ஸ்மென்ட்' எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்டர்ஃபேஸ் கம்பெனி கொடுத்த ஏசியோ டிரைவரைப் பயன்படுத்துங்கள். எது ரெஃபரன்ஸ், எது மைக் என்பதையும் அப்போதே டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். மாற்றிச் செருகினால் கோடு தலைகீழாக வரும், மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். நான் ஒரு மாலை முழுக்க அப்படி ஈக்யூ செய்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

இன்னொன்று. பிங்க் நாய்ஸ் அதே இன்டர்ஃபேஸின் அவுட்டிலிருந்துதானே மிக்சருக்குப் போகிறது? அதில் 'டைரக்ட் மானிட்டர்' பட்டன் இருந்தால் அணைத்து வையுங்கள். இல்லையென்றால் அளக்கும் மைக் நேராக ஸ்பீக்கருக்குப் போய் ஊளையிடும்.

இப்போது 36.4. டேப்பும் பொய் சொல்லவில்லை, மென்பொருளும் பொய் சொல்லவில்லை. 343 என்பது 20 டிகிரி வெப்பத்துக்கு உள்ள கணக்கு. உங்கள் மண்டபத்தில் 20 டிகிரியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. 31 டிகிரி என்று வைத்தால் 350 மீட்டர். 12 மீட்டருக்கு 34.3 மில்லி செகண்ட். மீதி 2 மில்லி செகண்ட் உங்கள் டிஜிட்டல் கிராஸ்ஓவர் தனக்காக எடுத்துக்கொள்ளும் நேரம். சிக்னலை எண்ணாக மாற்றி, கணக்குப் போட்டு, திரும்ப மின்சாரமாக்க அதற்கும் நேரம் வேண்டுமே.

லேப்டாப்பின் தாமதம் இதில் சேராதா என்று கேட்பீர்கள். சேராது. இரண்டு சேனலும் ஒரே இன்டர்ஃபேஸ் வழியாக ஒரே நேரத்தில் உள்ளே வருவதால் அது இரண்டிலும் சமம், கழிந்துவிடும். யூஎஸ்பியில் நேராகச் செருகும் அளவு மைக்கை இந்த வேலைக்கு வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். அதற்குத் தனிக் கடிகாரம், ரெஃபரன்ஸ் வரும் பெட்டிக்கு இன்னொரு கடிகாரம். இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகும். வீட்டு அறையை ஆர்ஈடபிள்யூ மென்பொருள் போட்டு, அடியிலிருந்து உச்சிவரை ஏறும் ஸ்வீப் சத்தத்தில் அளக்க அது நல்ல மைக்.

ஆகவே மென்பொருள் சொன்ன 36.4ஐ அதன் டிலே எண்ணாக அப்படியே போடுங்கள். அது தப்பாக இருந்தால் மேல் ஸ்தாயியில் கோஹெரன்ஸ் விழுந்து, ஃபேஸ் கோடு ரம்பப் பல் மாதிரி ஓடும்.

300 ஹெர்ட்ஸ் கிணறு: மைக்கை எவ்வளவு உயரத்தில் வைத்தீர்கள்? டாப் எவ்வளவு உயரம்? ஒரு பக்க டாப்தானே ஓடியது?


காவிரிக்கரை மைக்செட்:

ஒரு பக்கம்தான், இடது. மைக் ஸ்டாண்டில் 1.5 மீட்டர். டாப்பின் நடு 2.4 மீட்டர் இருக்கும். தரை கிரானைட், நாற்காலி போடவில்லை.


மேடைக்குப் பின்னால்:

அப்படியென்றால் கிணறு ஸ்பீக்கரிலும் இல்லை, ஈக்யூவிலும் இல்லை, தரையில் இருக்கிறது. ஒலி மைக்குக்கு நேராக ஒரு வழியில் வருகிறது, கிரானைட்டில் பட்டு இன்னொரு வழியிலும் வருகிறது. உங்கள் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் நேர் வழி 12.03 மீட்டர், தரை வழி 12.62 மீட்டர். வித்தியாசம் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். எந்த அலைக்கு அந்த 58 பாதி நீளமோ, அந்த அலையில் ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கி இரண்டும் அடித்துக்கொண்டு சாகும். 350ஐ 1.16ஆல் வகுத்துப் பாருங்கள், 300 ஹெர்ட்ஸ்தான். திரையில் 900லும் 1500லும் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும், பார்த்தீர்களா? ஒற்றைப்படை மடங்குகளில் வரும்.

315ஐ ஏற்றினால் நேராக வருவதும் ஏறுகிறது, தரையில் பட்டு வருவதும் ஏறுகிறது. இரண்டும் முன்னைவிடப் பலமாக அடித்துக்கொள்கின்றன. பள்ளம் பள்ளமாகவே இருக்கும். ஆனால் மற்ற இடங்களில் நிற்கிறவர்களுக்கு அந்த 6 டெசிபல் முழுசாகப் போய்ச் சேரும். உங்கள் குடம் அதுதான்.

மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, தரையில் படுக்கவையுங்கள், முனை ஸ்பீக்கரைப் பார்த்து, கிரானைட்டை ஒட்டி. தரை வழியும் நேர் வழியும் ஒன்றாகிவிடும். கிணறு மறைந்துவிட்டால் அது தரையின் வேலை, ஈக்யூவைத் தொடாதீர்கள். மறையவில்லை என்றால் வேறு இடங்களில் இன்னும் நான்கைந்து முறை அளந்து, எல்லா இடத்திலும் வருகிறதா என்று பார்த்த பிறகு யோசிக்கலாம்.


கோயில் வாசல்:

மைக்கைத் தரையில் படுக்கவைக்கச் சொல்கிற காலம் வந்துவிட்டது. சரி, நடக்கட்டும். தம்பி, செய்து பார்த்துவிட்டு எனக்கும் சொல்லு.


காவிரிக்கரை மைக்செட்:

புதன்கிழமை ராத்திரி பத்தரை மணி. இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். அக்கம்பக்கத்து ஜன்னல்களில் விளக்கு எரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன்.

மிக்சரின் மெயின் அவுட்டில் கால் இன்ச் ஜாக் இருந்தது. இத்தனை வருடம் அதை நான் பார்த்ததே இல்லை, தூசு தட்டிச் செருகினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. பேட்டரியில் ஓட்டினேன், உறுமல் இல்லை. 2.5 ஸ்லைடரை இறக்கினேன், கோடு இறங்கியது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஸ்லைடரை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார், சின்னப் பையன் மாதிரி. 8 கிலோஹெர்ட்ஸ் ஸ்லைடர் செத்துப் போயிருந்தது அப்போதுதான் தெரிந்தது. எத்தனை வருடமோ.

மைக்கைத் தரையில் படுக்கவைத்தேன். 300 கிணறு காணவில்லை. 900, 1500 பள்ளமும் காணவில்லை. 315ஐப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது வேறு ஒன்று முளைத்திருக்கிறது. டாப் மட்டும் ஓடினால் நன்றாக இருக்கிறது. பேஸ் மட்டும் ஓடினால் நன்றாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 100 ஹெர்ட்ஸைச் சுற்றி 8 டெசிபல் குழி. தரையில்தான் மைக் இருக்கிறது, ஆகவே தரையைக் குற்றம் சொல்ல முடியாது. கிராஸ்ஓவரில் பேஸின் போலாரிட்டியை (பிளஸ் மைனஸை) திருப்பினேன், குழி மூடியது, ஆனால் 150 பக்கம் புதிதாக ஒன்று திறந்தது. பேஸ் பெட்டி மேடைக்கு முன்னால் தரையில். டாப் மேடை ஓரத்தில் ஸ்டாண்டில், பேஸுக்கு 1.7 மீட்டர் பின்னால்.


மேடைக்குப் பின்னால்:

கடைசி வரியில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். 1.7 மீட்டர் என்றால் 5 மில்லி செகண்ட். 100 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 10 மில்லி செகண்ட். பேஸ் சரியாக அரைச் சுற்று முந்திக்கொண்டு வருகிறது. டாப் மேலே போகும்போது பேஸ் கீழே இறங்குகிறது. போலாரிட்டியைத் திருப்புவது அந்த ஒரு புள்ளியில் மட்டும் சரி செய்யும், கொஞ்சம் தள்ளிப் போனால் கணக்கு தவறிவிடும். 150இல் திறந்தது அதனால்தான்.

போலாரிட்டியைப் பழையபடி வையுங்கள். கிராஸ்ஓவரில் பேஸ் அவுட்டுக்கு மட்டும் 5 மில்லி செகண்ட் டிலே போட்டுத் தொடங்குங்கள். முந்தி வருகிறவனைத்தான் நிறுத்திவைக்க முடியும், பிந்தி வருகிறவனை இழுத்துக்கொண்டு வர முடியாது. அப்புறம் மென்பொருளில் டிலே எண்ணை மாற்றாமல், டாப்பை மட்டும் அளந்து சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு பேஸ் மட்டும். இரண்டின் ஃபேஸ் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, 70இலிருந்து 140 வரை இரண்டும் ஒரே சாய்வில் ஒட்டி ஓடுகிறதா பாருங்கள். கிராஸ்ஓவரின் ஃபில்டரே கொஞ்சம் தாமதத்தைச் சேர்க்கும், ஆகவே 5 என்பது 4ஆகலாம், 6ஆகலாம். கோடு ஒட்டுகிற இடத்தில் நிறுத்துங்கள்.

நடுவில் மென்பொருளின் டிலே எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் இரண்டு கோட்டுக்கும் தொடக்கப் புள்ளி வேறாகிவிடும், ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.


பழைய வால்வ்:

முகூர்த்தம் எத்தனை மணிக்கு? ஐந்தரைக்கு மேல் ஆரம்பியுங்கள், பாவம், அந்த ஜன்னல்காரர்கள் தூங்கட்டும். ஒரு மில்லி செகண்டுக்கு 35 சென்டிமீட்டர் என்று ஒரு காகிதத்தில் எழுதி மிக்சரின் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். நாளைக்குத் தேவைப்படும். மண்டபத்தில் எந்தப் பெட்டியும் வைத்த இடத்தில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.


காவிரிக்கரை மைக்செட்:

ஐயா, உங்கள் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

முகூர்த்தம் ஒன்பதுக்கு. காலையில் ஐந்தே முக்காலுக்குப் போய், சத்தத்தைக் குறைவாக வைத்து, சுப்ரபாதம் ஓடவிட்டு அளந்தேன். மண்டபக்காரர் பக்தி என்று நினைத்துக்கொண்டார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டில் அடி ஸ்தாயி குறைவு என்பதால் 100ஐச் சுற்றி கோஹெரன்ஸ் ஆடியது. கடைசி இரண்டு நிமிடம் மட்டும் பிங்க் நாய்ஸ் போட்டேன். 4.3 மில்லி செகண்டில் இரண்டு கோடும் ஒட்டின. சேர்த்து ஓட்டினேன், குழி இல்லை. ஏழு மணிக்கு மைக்கைச் சுருட்டிவிட்டு இட்லி சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் மணவறை அலங்காரம் செய்கிறவர்கள் பேஸ் பெட்டி இரண்டையும் மேடையை நோக்கித் தள்ளிவிட்டு, முன்னால் பூ வளைவு நிறுத்தியிருந்தார்கள். பெட்டி மேல் துணி வேறு. கேட்டால் "போட்டோவில் கறுப்பாகத் தெரியுதுண்ணே" என்றார்கள். மண்டபத்தில் சனம் உட்கார்ந்தாயிற்று. நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருக்கிறார். மறுபடி மைக்கைத் தரையில் படுக்கவைக்க வழி இல்லை.

டேப் எடுத்து அளந்தேன். 60 சென்டிமீட்டர் பின்னால் போயிருந்தது. 60ஐ 35ஆல் வகுத்தால் 1.7. பேஸ் அந்த அளவு டாப் பக்கம் நெருங்கிவிட்டதால் டிலேயில் 1.7ஐக் கழித்து 2.6 என்று போட்டேன். அளந்து பார்க்கவில்லை. தவில் வந்தபோது நான் நடு வரிசையில் நின்றேன், அப்பா கடைசி வரிசையில். அவர் கையை மேலேயும் தூக்கவில்லை, கீழேயும் இறக்கவில்லை.

கோயில் வாசல் அண்ணே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது: தாலி கட்டுகிற நேரம் கெட்டிமேளம் முடிந்ததும் புரோகிதர் மைக்கை வாங்கி, ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டே டாப்புக்கு நேர் எதிரே நடந்து போனார். ஊளை வரவில்லை. எப்போதும் வரும். 2.5க்கும் 3.15க்கும் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தேன், திரையில் மேடு இருந்த அளவுக்கு மட்டும்.

செத்துப்போன 8 கிலோஹெர்ட்ஸ் ஸ்லைடரை யாராவது மாற்றிக் கொடுப்பீர்களா? திருச்சி என்றால் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன்.


பழைய வால்வ்:

கொண்டு வாருங்கள். ஸ்லைடர் பெரும்பாலும் சாகாது, உள்ளே தூசு அடைத்திருக்கும். சுத்தம் செய்து பார்ப்போம், அதற்குக் காசு வேண்டாம். இன்டர்ஃபேஸையும் லேப்டாப்பையும் எடுத்து வாருங்கள், மிக்சர் அவுட்டுக்கும் ஈக்யூ அவுட்டுக்கும் நடுவில் அளந்து 31 ஸ்லைடரையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம். அதற்கு மைக் கூட வேண்டாம், இரண்டு பி38 ஒயர் போதும்.


கோயில் வாசல்:

ஞாயிற்றுக்கிழமை நானும் திருச்சியில்தான் இருப்பேன். எத்தனை மணிக்கு? என்னிடமும் ஒரு ஈக்யூ இருக்கிறது, ரொம்ப நாளாகச் சந்தேகம்.


காவிரிக்கரை மைக்செட்:

பத்து மணிக்கு, அண்ணே. எங்கள் ஈக்யூவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 315 ஸ்லைடரை யாரும் ஏற்றக் கூடாது என்று அப்பா மேலே பிளாஸ்திரி ஒட்டிவைத்திருக்கிறார்.